பந்தய வகுப்பும் பஞ்சிகாவத்தையும்

நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியபோது கார் வைத்திருந்ததே வசதியின் அடையாளம். எந்தக் காருக்கு எந்த வகுப்பு என்ற கேள்வி பின்னர்தான் கனத்தது. இலங்கையில் அதற்கு முதலில் விடை சொன்னது சுங்கம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. பந்தயக்காரருக்கும் ஏற்கெனவே தீவுக்குள் இருந்த கார்களே கதி. மினி கார்களுக்கென ஒரு வகுப்பு நெடுங்காலம் நிலைத்தது அதனால்தான் என்று கருதுகிறேன். 1977இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் கார்கள் பெருகின. போர்ட் லேசரும் மஸ்டா 323உம் முகம் வேறானாலும் உடம்பு ஒன்று. ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்தும். இரண்டையும் சேர்த்து 1300 சிசி வகுப்பு அமைத்தது, நம் பந்தய வரலாற்றின் மிகப் புத்திசாலித்தனமான முடிவு. காரின் விலை ஒருமுறைச் செலவு. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லின் செம்மண் தடத்தில் உடையும் சஸ்பென்ஷனுக்கோ பருவம் முழுவதும் செலவழிக்க வேண்டும். உடைந்ததைக் கொட்டாஞ்சேனைக்குச் சற்றுத் தள்ளியுள்ள பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுக்க முடிந்தால்தான் அந்த வகுப்பு மலிவானது.

பழைய, சிறிய கார்களில் ஓடினால் உலகத் தரத்துக்கு ஓட்டுநர் வளரமாட்டார் என்பார்கள். ஆனால் கோயம்புத்தூர் கரிவரதன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்தே 1988இல் போர்மியுலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். அதில் ஓடிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்மியுலா ஒன்றை எட்டினார். உலக மோட்டார் பந்தய அமைப்பின் விலை வரம்பையே நாமும் பின்பற்றலாமே என்றும் கேட்கலாம். 2013இல் வந்த ஆர்5 ரலி வகுப்பில் அந்த வரம்பு 1,80,000 யூரோவாக இருந்தது. ஐரோப்பாவுக்கு அது சிக்கனமாக இருக்கலாம்; நம் இறக்குமதி வரியையும் சேர்த்தால் இங்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மலிவான காரிலும் பணக்காரர் எஞ்சினுக்குள் காசைக் கொட்டுவார் என்ற மறுப்பு மட்டும் வலுவானது. எஞ்சினுக்கு முத்திரை, எடைக்கு வரம்பு, பந்தயத்துக்குப் பின் கண்டிப்பான சோதனை ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் மலிவு வகுப்பு பெயரளவிலேயே நிற்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இதற்கிடையில் லேசர்கள் மேலும் முதுமையடைந்தன. வெள்ளவத்தை காலி வீதியில் இன்று கண்ணில் படுபவை ஆல்டோ, விட்ஸ், வேகன் ஆர். எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி விதித்ததன் விளைவு அது. அடுத்த மலிவு வகுப்பு அவற்றிலிருந்தே எழவேண்டும். விதிகளை எழுதுவோர் பேனாவை எடுக்குமுன் ஒருநாள் பஞ்சிகாவத்தையில் நடந்து, கியர்பெட்டி விலையை விசாரித்து வரட்டும்.