அலமாரி: ஆயுதங்களின் வீடு

கார் ஷெட்டுச் சுவரில் அலமாரி மாட்ட வருகிற ஆசாரி எடுத்த எடுப்பில் கேட்பது, “இது செங்கல் சுவருங்களா, பிளாக் சுவருங்களா?” என்றுதான். சுவரைத் தட்டிப் பார்ப்பார். பூச்சு எங்கே பொருமியிருக்கிறது, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டு ரசமட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு இழுப்பார். அவர் மாட்டப்போகிற பெட்டிக்குள் ஸ்பானர், சுத்தியல், துளைக்கும் மெஷின், பெயிண்ட் டப்பா, பழைய ஜாக்கி எல்லாம் போகும். அதை அலமாரி என்று அழைப்பதைப்போலப் பொருத்தமான பெயரிடுதல் வேறில்லை. அந்தச் சொல் பிறந்ததே கருவிகளை வைக்கிற இடத்துக்காகத்தான். நடுவில் பல நூற்றாண்டுகள் அது துணியையும் புத்தகத்தையும் சுமந்துகொண்டு திரிந்தது.

அலமாரி போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் அப்படித்தான் மூலம் காட்டுகிறது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதிலிருந்து, 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் கைக்குப் போனது வரை, நம் கடற்கரை ஊர்களில் அவர்கள் பேச்சு புழங்கியது. சண்டையும் சமயமும் கொண்டுவந்த சொற்களைவிட வீட்டுக்குள் வந்த சொற்கள்தான் நிலைத்தன. சாவி, ஜன்னல், மேசை, கிராதி, பொத்தான், துவாலை என்று ஒரு வீட்டையே அடுக்கிவிடலாம். வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான். பூட்டு தமிழ், சாவி போர்த்துக்கீசியம். கதவு தமிழ், ஜன்னல் போர்த்துக்கீசியம். நம் தச்சர்கள் அவர்களுக்கு வேலை செய்தபோது, புதிதாகச் செய்யச் சொன்ன பொருளின் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

இன்றைய போர்த்துக்கீசியத்தில் அது ‘அர்மாரியோ’. பழைய வழக்கில் ‘அல்மாரியோ’ என்ற வடிவமும் உண்டு. ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வந்தால் நாக்கு ஒன்றை லகரமாக்கிக்கொள்ளும். பந்தர் பந்தலாகவும், சாம்பர் சாம்பலாகவும், குடர் குடலாகவும் வழங்குகிற மொழியில் இருக்கும் நமக்கு இந்த ரகர லகர உறவு புதிதல்ல. தமிழுக்குள் வந்தபின் இன்னொரு மாற்றம் நடந்தது. ஒரே சொல்லுக்குள் லகர மெய்யையும் மகரத்தையும் ஒட்டி உச்சரிப்பது நமக்கு இடறும். ஆகவே நடுவில் ஓர் உயிரைச் செருகினோம். தமிழ்நாட்டில் அகரம் நுழைந்து அலமாரி ஆயிற்று. இலங்கைத் தமிழில் உகரம் நுழைந்து அலுமாரி ஆயிற்று. சிங்களத்தில் அல்மாரிய, மலாயில் அல்மாரி, இந்தோனேசியாவில் லெமாரி, மலையாளத்தில் அலமார, இந்தியிலும் வங்காளத்திலும் ஆல்மாரி. போர்த்துக்கீசியக் கப்பல் நின்ற கரைகளை இந்தச் சொல்லை வைத்தே ஏறக்குறைய வரைந்துவிடலாம். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, வெள்ளைக்கார வீடுகளில் எசமானரும் வேலையாட்களும் ஒன்றுபோலப் புழங்கும் சொல் என்று இதைக் குறித்துவைத்திருக்கிறது. பழந்தமிழில் சுழற்சியைக் குறிக்கும் ‘அலமரல்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பி வேர் கட்டுகிற வேலை சொல்லாராய்ச்சியைக் கெடுத்ததுபோல வேறெதுவும் கெடுக்கவில்லை.

அர்மாரியோவுக்கு மேலே லத்தீன் ‘அர்மாரியும்’ இருக்கிறது. அதற்குள் இருப்பது ‘அர்மா’. ரோமானியருக்கு அர்மா என்றால் போர்க்கருவி, தொழிற்கருவியும் அதுவே. உழவைப் பாடிய வர்ஜில், கலப்பையையும் பரம்பையும் உழவனின் அர்மா என்றே சொல்கிறார். ஒரே சொல் வாளையும் கலப்பையையும் எப்படிக் குறிக்கும் என்று ஐரோப்பிய மாணவருக்கு விளக்கவேண்டியிருக்கும். நமக்கு அந்த விளக்கம் தேவையில்லை. ஆயுத பூஜை அன்று பட்டறையில் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது வாளுக்கா? திருப்புளிக்கும் உளிக்கும் இழைப்புளிக்கும்தான். ஆயுதம் என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கிற அகலம்தான் அர்மாவின் அகலமும். அந்த ஆயுதங்கள் வருடம் முழுக்க இருக்கிற இடம் அர்மாரியும்.

இன்னும் ஒரு படி கீழே போகலாம். அர்மாவின் வேர், ‘ஒன்றோடொன்று பொருத்து’ என்ற பொருளுடைய மிகப் பழைய வேர். கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து ‘ஹார்மோனியா’ வந்தது. ஹோமரின் ஒடிசியில் நாயகன் தெப்பம் கட்டும் இடத்தில் அந்தச் சொல்லுக்குப் பலகைகளை இணைக்கிற பொருத்து என்று பொருள். இசைக்கு அது பிறகுதான் போயிற்று. 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் தன் புதிய வாத்தியத்துக்கு ஹார்மோனியம் என்று காப்புரிமை எடுத்தபோது அந்தத் தச்சு வேர்தான் மறுபடி தளிர்த்தது. நம் நாடகக் கொட்டகைகளில் ஒலித்த ஹார்மோனியமும், அதன் துணியுறையை மடித்துவைத்த அலமாரியும் ஒரே குடும்பம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ரோமானிய வீட்டு அர்மாரியுமில் என்னென்ன இருந்தன? முன்னோரின் மெழுகு முகங்களைத் தனித்தனி அர்மாரியுமில் அடுக்கிவைத்திருந்ததாக மூத்த பிளினி எழுதுகிறார். எரிமலை மூடிய ஹெர்குலேனியத்தில் கரிந்துபோன மர அலமாரிகளே கிடைத்திருக்கின்றன. என் கவனம் முழுக்க இளைய பிளினியின் ஒரு கடிதத்தில்தான் நிற்கிறது. கடற்கரையில் லாரெண்டும் என்ற இடத்திலிருந்த தன் மாளிகையை அறை அறையாக நண்பருக்கு விவரிக்கிறார். நாள் முழுக்க வெயில் சுற்றிவருமாறு வளைத்துக் கட்டிய அறை ஒன்று. அதன் சுவரில் நூலகம்போல ஓர் அர்மாரியும் செருகப்பட்டிருக்கிறது; திரும்பத் திரும்பப் படிப்பதற்கான நூல்கள் அதில் இருக்கின்றன. தரையில் நிற்கும் பெட்டியைச் சுவருக்குள் அனுப்பிய ஏற்பாடு கி.பி. முதல் நூற்றாண்டு முடியும் காலத்திலேயே இப்படி எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

மடாலயங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. துறவிகள் புத்தகம் வைத்தது பெரும்பாலும் தாழ்வாரச் சுவரில் விட்ட பள்ளங்களில். அதற்குப் பெயர் அர்மாரியும், அதைக் காக்கிற துறவி அர்மாரியுஸ். நூலகருக்கு அலமாரிக்காரர் என்று பெயர்! இத்தாலியின் ராவென்னாவில், 5ஆம் நூற்றாண்டுக் கட்டடமான கல்லா பிளாசிதியா சமாதியின் வண்ணக்கல் ஓவியத்தில், கதவு திறந்த ஓர் அலமாரிக்குள் நான்கு சுவிசேஷ நூல்களும் தட்டில் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். பிரெஞ்சில் அர்மாரியும் ‘ஆர்முவார்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘ஆம்ப்ரி’ ஆகி, தேவாலயச் சுவரில் திருப்பாத்திரங்கள் வைக்கிற மாடத்துக்குப் பெயராகத் தங்கிவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் மட்டும் நற்கருணை வைக்கிற பெட்டிக்கு நம் பழைய சொல்லையே வைத்துக்கொண்டார்கள்: நற்கருணைப் பேழை.

பேழை, பெட்டகம், பெட்டி எல்லாம் நம்மிடம் இருக்கும்போது அலமாரி எதற்குத் தேவைப்பட்டது? பெட்டிக்கு வாய் மேலே. அடியில் இருக்கிற பட்டுப்புடவையை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் வெளியே போடவேண்டும். பெட்டிமேல் பெட்டி வைத்தால் கீழ்ப்பெட்டி திறக்காது. மற்றபடி பண்டங்களை நாம் வீட்டின் உடம்பிலேயே வைத்தோம். வெண்ணெய் உறியில், பித்தளை அண்டா பரணில், விளக்கு மாடத்தில். ஒன்றரை அடிக் கனத்தில் எழுப்பிய மண்சுவருக்கு மாடக்குழி விட்டால் ஒன்றும் ஆகாது. வைத்த பாரம் நேரே சுவரோடு கீழே இறங்கிவிடும். முகத்தில் கதவும் உள்ளே தட்டுகளுமாக நிமிர்ந்து நிற்கிற மரச்சாமான் வேறு வகை. அது வந்தபோது தன் பெயரோடு வந்தது.

பிறகு தமிழ்நாட்டில் பீரோ நுழைந்தது. முரட்டுக் கம்பளித் துணிக்கு பிரெஞ்சில் ‘பூர்’ என்று பெயர். அதை விரித்த எழுதுமேசை ‘ப்யூரோ’ ஆகி, பின்பு அலுவலகத்தையும் குறித்தது. நம் ஊரில் அது துணிமணியும் நகையும் பூட்டிவைக்கிற நிலைப்பெட்டியாக மாறியது. கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. வடக்கே ஆல்மாரி என்ற பெயரிலேயே விற்ற அதே பொருள் தமிழ்நாட்டில் சீர்வரிசையோடு போகும் பீரோ ஆயிற்று. அதன் விளைவு சுவாரசியமானது. நிற்கிற பெட்டியை பீரோ எடுத்துக்கொண்டதால், அலமாரி சுவருக்கு நகர்ந்தது. கடப்பைக்கல்லைத் தட்டுத்தட்டாகச் சுவரில் பதித்துவிட்டு அதை அலமாரி என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அலுமாரி இன்னும் உடுப்பு வைக்கிற நிலைப்பெட்டிதான். ஒரே சொல், பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம் சுவருக்குள்ளும் அந்தப் பக்கம் சுவருக்கு வெளியிலும்.

அலமாரி மாட்டப்போகிற கார் ஷெட்டைக் குறிக்கும் ‘கராஜ்’ என்ற சொல்லும் பிரெஞ்சுதான். ஒதுக்கி நிறுத்து என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. கார் வருவதற்கு முன்பே படகு ஒதுக்குமிடத்துக்கு அதை வழங்கினார்கள். இலங்கைத் தமிழில் கராஜ் என்றால் வண்டி பழுதுபார்க்கிற இடம். நாம் கார் ஷெட் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இப்போது ஆசாரியின் கேள்விக்கு வருவோம். மாடத்துக்குள் வைத்த பாரமும் சுவரில் தொங்கவிட்ட பாரமும் ஒன்றல்ல. 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பெட்டியும் உள்ளிருக்கும் சாமானும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை சுவரிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. பெட்டியின் கீழ்விளிம்பு சுவரை அழுத்த, அதற்கு 60 சென்டிமீட்டர் மேலே உள்ள திருகாணிகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்குகிற விசை 15 கிலோ. இது 60 கிலோ கீழ்நோக்கி இழுப்பதற்கு மேற்பட்டது. ஆழத்தை 60 சென்டிமீட்டராக்கினால், எடை கூடாமலேயே பிடுங்கும் விசை 30 கிலோ ஆகிவிடும். ஆகவேதான் சுவரில் மாட்டுகிற பெட்டி ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருக்கவேண்டும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வது.

பிடுங்கலைத் தாங்குவது அந்தச் சின்ன பிளக். முன்பு சுவரில் உளியால் கொத்தி மரக்கட்டையை அடித்து இறக்கி, அதில்தான் ஆணி அடிப்பார்கள். ஓட்டை பெரிது, கட்டை காய்ந்து சுருங்கினால் ஆட்டம் கண்டுவிடும். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாமான்கள் பொருத்தும் வேலை ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவருக்குக் கிடைத்தது. சுவரைச் சிதைக்கக் கூடாது என்பது நிபந்தனை. சணல் நாரை விலங்கு ரத்தத்தால் இறுக்கி ஒரு சிறு குழலாக்கினார். திருகாணி நுழைந்ததும் அது விரிந்து சுவரைக் கவ்வியது. 1911இல் காப்புரிமை பெற்ற அதுதான் ராலிங்ஸின் பெயரால் நம் ஹார்டுவேர் கடைகளில் கேட்கிற ‘ரால் பிளக்’. 1958இல் ஜெர்மனியில் ஆர்தர் பிஷர் அதையே நைலானில் செய்தார்.

செங்கல் சுவரில் துளையைச் செங்கல்லின் வயிற்றில் போடவேண்டும். கலவை இணைப்பில் போட்டால் பிடிமானம் குறையும். பிளக்கின் நீளத்தைவிடச் சற்று ஆழமாகத் துளைத்து, உள்ளே தங்கிய தூளை ஊதி எடுக்காவிட்டால் பிளக் தூளைத்தான் கவ்வும், செங்கல்லை அல்ல. இலேசான காற்றுக்குமிழி பிளாக்கில் சாதாரண பிளக் வெறுமனே சுற்றும். அதற்கென்று உள்ள பிளக்கை வாங்கவேண்டும். செங்கல்லா பிளாக்கா என்ற கேள்வியின் நியாயம் இது.

அமெரிக்க கராஜில் சுவரே வேறு. 16 அங்குலத்துக்கு ஒரு மரத்தூண், அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் அட்டை. அட்டையில் மாட்டினால் பெட்டி அட்டையோடு வந்துவிடும். காந்தத்தை நகர்த்தி உள்ளே ஆணி இருக்கும் இடம் பார்த்துத் தூணைக் கண்டுபிடிக்கவேண்டும். அங்கே பலரும் ஒரு ரீப்பரை நீளவாக்கில் 45 பாகை சாய்வாக இரண்டாக அறுக்கிறார்கள். ஒரு பாதி, சாய்ந்த முகம் மேலே சுவரைப் பார்க்க, தூண்களில் திருகப்படும். மறுபாதி தலைகீழாகப் பெட்டியின் முதுகில். பெட்டியைத் தூக்கி மேலே வைத்தால் இரண்டும் கவ்விக்கொள்ளும். எடை கூடக்கூடப் பெட்டி சுவரோடு நெருங்கும். நம் ஊர் ஆசாரிகளும் இதைச் செய்யலாம். ஈரம் ஏறுகிற கார் ஷெட்டுச் சுவருக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே அந்த ரீப்பர் அளவுக்குக் காற்று புகுந்துபோக இடம் கிடைக்கும்.

சுவருக்குள் பதித்ததற்கும் சுவரில் தொங்குவதற்கும் நாம் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தொங்குவதைக் கடைக்காரர்கள் ‘வால் கப்போர்டு’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தக் ‘கப்போர்டு’ கோப்பை வைக்கிற பலகையாகப் பிறந்தது, கருவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதித்தது சுவரலமாரி, மாட்டியது தொங்கலமாரி என்று பிரித்துச் சொன்னால் ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் வேலை தெளிவாகும். விலைப்பட்டியல் எழுதும்போதே அப்படி எழுதத் தொடங்கலாம்; அகராதிக்காரர்கள் பின்னால் வந்து சேர்த்துக்கொள்வார்கள்.