பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி: மன்னார் வளைகுடாவில் ஒரு புரிதலின் வரலாறு

எட்கர் தர்ஸ்டன் 1895இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடா உயிரினங்களையும் பற்றி எழுதினார். 1927இல் அதே அருங்காட்சியகத்தின் கிரேவ்லியின் முயற்சியில் குருசடைத் தீவின் கரையோர உயிரினத் தொகுப்பு வந்தது. எந்த உயிர், எங்கே கிடைத்தது, எப்படி இருக்கும் என்பதே அக்காலத்து அக்கறை. ஓர் உயிருக்குள் இன்னொன்று குடியிருந்து அதன் நலத்தைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்வி இக்கரையில் எழ வெகுகாலம் ஆயிற்று.

வெளியே அக்கேள்வி பழையது. கடல் விலங்குகளின் திசுவுக்குள் தெரிந்த மஞ்சள் செல்களுக்கு 1881இல் கார்ல் பிராண்ட் பெயரிட்டார். அவை தனி உயிரான நுண்பாசிகள். பவளத்துக்குள் இருப்பவை அதன் கழிவை உரமாக எடுத்துக்கொண்டு, வெயிலில் சமைத்த சர்க்கரையை அதற்கே தருகின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இவ்வழியில்தான் வருகிறது.

1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளங்களுக்கென்றே ஓர் ஆய்வரங்கம் கூடியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கோபிநாத பிள்ளை மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாப் பவளங்களை இனம் பிரித்து எழுதிய காலம் அது. அதே காலத்தில் பவளப் பாரிலிருந்து பெயர்த்த கல் படகு படகாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆய்வாளர் இனத்தைப் பார்த்தார், வியாபாரி கல்லைப் பார்த்தார். உள்ளே இருந்த பாசி இருவர் கணக்கிலும் இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

சட்டமும் கல்லைக் காக்கத்தான் முதலில் வந்தது. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா, 1989இல் உயிர்க்கோளக் காப்பகம், 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில். தோண்டுவது படிப்படியாக நின்றது. ஆனால் வெப்பத்துக்கு அட்டவணை ஏது?

சித்திரை, வைகாசியில் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை குலைந்து நச்சு ஆக்சிசன் உண்டாகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் பாசியுடையது என்பதால் கண்ணாடி போன்ற திசுவின் ஊடாக வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதுவே வெளுப்பு. பார்ப்பவர் செத்துவிட்டது என்பார். சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. கச்சான் காற்று வலுத்து நீர் குளிர்ந்தால் சில வாரங்களில் பாசி திரும்பி நிறமும் வரும். தாமதித்தால் அந்தக் கூட்டின்மேல் வேறு பாசி படர்ந்துவிடும். 2016 வெளுப்பில் மீட்சி பலவற்றுக்கு வாய்க்கவில்லை. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் அளவீட்டில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியது. கிளைவிடும் அக்ரோபோரா அதிகம் மடிந்தது. பாறை போல் திரண்ட போரைட்டஸ் பெரும்பாலும் தாங்கியது.

வெளிச்சத்தை மறித்தாலும் பவளத்துக்குப் பட்டினிதான். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடையில் பவளங்கள்மேல் போர்த்திக்கொண்டதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் பதிவுசெய்தார்கள். அந்த வளர்ப்பை நம்பிய குடும்பங்கள் இருந்தன, அதை மறப்பதற்கில்லை. ஆனால் போர்வைக்குள் அகப்பட்ட பவளத்தின் நுண்பாசிக்கு வெயில் இல்லை.

பாக்டீரியாவின் கதை இன்னும் பிந்தியது. 2002இல் ஃபாரெஸ்ட் ரோவர் குழுவினர், ஒவ்வொரு பவள இனமும் தனக்கெனச் சில பாக்டீரியாக்களை வைத்திருப்பதைக் காட்டினர். பவளத்தின் மேல் வழியும் சளிப் படலத்தில் இருப்பவற்றுள் சில, நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்கின்றன. சாக்கடையும் சேறும் வெப்பமும் சேரும்போது அந்தச் சமநிலை சரிகிறது. மண்டபம் தீவுகளில் பவள நோய்கள் எவ்வளவு பரவியுள்ளன என்ற ஆய்வு 2009 வாக்கில்தான் வெளிவரத் தொடங்கியது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நுண்ணுயிர்ப் பாதுகாப்புக்கென நிபுணர் குழு ஒன்றை அமைத்தது 2025இல். இங்கோ சிமெண்டுச் சட்டகங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி நடும் பணி இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது, துண்டுகள் பிழைக்கின்றன. ஆனால் நடும் துண்டு எந்தத் தாய்ப் பவளத்திலிருந்து வருகிறது என்பது முக்கியம். வெப்பம் தாங்கும் டியுருஸ்டினியம் வகைப் பாசியைக் கொண்ட பவளங்கள் பிழைக்க வாய்ப்பு கூடுதல், வளர்ச்சி பெரும்பாலும் மெதுவு. எனவே 2016ஐத் தாண்டி நின்ற பவளங்களை அடையாளமிட்டு, அவற்றின் பாசியையும் பாக்டீரியாவையும் பிரித்தறிந்து உறைநிலையில் சேமிப்பதுதான் முதல் வேலை. மண்டபத்தில் ஆய்வகங்கள் உண்டு, தீவுகளும் படகு தூரத்தில்தான். அடுத்த சித்திரைக்கு முன் மாதிரிகளை எடுத்துவிடலாம்.