போர்முனையிலிருந்து மீண்டவரும் அவரை ஆற்றுப்படுத்தியவரும்

பரிசில் பெற்று மீளும் பாணன் வழியில் எதிர்ப்பட்ட மற்றொரு பாணனுக்குத் தான் நடந்து வந்த பாதையைச் சொல்லி அனுப்புவதை ஆற்றுப்படை என்று வகுத்த நம் மொழியில், மனம் தளர்ந்தவருக்குத் துணைநிற்கும் ஆலோசகரை ஆற்றுப்படுத்துநர் என்றும் அழைக்கும் வழக்கம் உண்டாகியிருப்பது மிகப் பொருத்தமே. யுத்தத்திலிருந்து திரும்பி, குடிப்பழக்கத்துக்கும் போதை மருந்துக்கும் ஆட்பட்ட சிப்பாய்களைத் தேற்றும் தொழில் அமெரிக்காவில் வளர்ந்த வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் சொல்லின் அருமை இன்னும் விளங்குகிறது. ஏனெனில் அத்தொழிலின் முன்னோடிகளிற் பலர் பட்டம் பெற்ற வைத்தியர்கள் அல்லர், அந்தத் துன்பத்தினூடே தாமே நடந்து கரையேறியவர்கள்.

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடபுலச் சேனையின் வைத்தியராயிருந்த லெஸ்லி கீலி என்பவர் 1879இல் இல்லினாய் மாநிலத்து டுவைட் என்ற சிற்றூரில் ஒரு சிகிச்சை நிலையம் நிறுவி, தங்கம் கலந்ததென்று கூறிய ரகசிய மருந்தொன்றைக் குடிநோயாளர்க்கு ஊசிமூலம் ஏற்றி வந்தார். மருந்தின் மகிமை நிலைக்கவில்லை. ஆனால் அங்கே குணமடைந்தவர்கள் 1891இல் தமக்கென ஒரு சங்கம் கூட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் தாங்கி நின்றார்களே, அதுவே அந்நிலையத்தின் மெய்யான ஔஷதம் என்பது என் அபிப்பிராயம்.

பாஸ்டன் நகரத்து இம்மானுவேல் தேவாலயத்தில் போதகர் எல்வுட் வூஸ்டரிடம் சிகிச்சை பெற்றுக் குடியை விட்ட கோர்ட்னி பெய்லர், இன்ஷூரன்ஸ் தொழிலை விட்டுவிட்டு அங்கேயே சம்பளம் பெறும் ஆலோசகரானார். அதே வழியில் அங்கே வந்து குணமடைந்தவர்தாம் ரிச்சர்ட் பீபாடி. முதல் உலக யுத்தத்தில் பணியாற்றித் திரும்பிய இவர், குடியால் குடும்பத்தையும் செல்வத்தையும் இழந்தபின் தெளிந்து, பிறரைத் தெளிவிக்கும் பணியை மேற்கொண்டு, 1931இல் அதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். போர்வீரரே நோயாளியாகி, நோயாளியே ஆற்றுப்படுத்துநரான இந்த ஒரு வாழ்வில் பின்னர் வந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. 1954இல் மினசோட்டா மாநிலம் வில்மர் அரசாங்க ஆஸ்பத்திரிக்காகக் குடிநோய் ஆலோசகர் என்ற உத்தியோகத்தையே புதிதாக ஏற்படுத்தியபோது, குடியை விட்டு நிலைத்திருந்த அனுபவத்தையே அதற்குரிய யோக்கியதையாகக் கொண்டது.

வியட்நாம் யுத்தம் இந்த அனுபவத்தை மட்டும் நம்பிய தொழிலைக் கடுமையாகச் சோதித்தது. அங்கே மலிவாகவும் கலப்படமில்லாமலும் கிடைத்த ஹெராயினைச் சிப்பாய்கள் சிகரெட்டில் கலந்து புகைத்தார்கள். 1971இல் ஸ்டீல், மர்ஃபி என்ற இரு காங்கிரஸ் உறுப்பினர்கள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் இதற்கு அடிமை என்று அறிவிக்க, நாடே நடுங்கிற்று. அதிபர் நிக்சன் ஜூன் மாதத்தில் ஜெரோம் ஜாஃபி என்ற மனநல வைத்தியரைத் தலைவராக்கித் தனி அலுவலகமொன்றை அமைத்தார். விமானம் ஏறுமுன் ஒவ்வொரு சிப்பாயின் சிறுநீரும் சோதிக்கப்பட்டு, போதை கண்டவர்கள் அங்கேயே நிறுத்தப்பட்டு அது தெளிந்த பின்னரே தாயகம் அனுப்பப்பட்டார்கள். செயின்ட் லூயிஸைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் லீ ராபின்ஸ் அம்மையார், அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பியவர்களிற் பலரைத் தேடிச் சென்று விசாரித்தபோது தெரிந்த செய்தி யாவரையும் வியக்க வைத்தது: ஐவரில் ஒருவர் வியட்நாமில் அடிமைப்பட்டிருந்தார், ஆனால் அவர்களில் முதலாண்டிலேயே மீண்டும் அடிமையானவர் நூற்றுக்கு ஐவர், மூன்றாண்டில் ஏறக்குறைய பன்னிருவர், அவ்வளவே. இடமும் கூட்டமும் மாறினால் பழக்கமும் மாறக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆராய்ச்சியை நான் அறியேன்.

எனினும் ஹெராயினை விட்டவர்களையெல்லாம் அமைதி வந்து சேர்ந்துவிடவில்லை. கனவில் மீண்டும் மீண்டும் வரும் போர்க்களத்தை மறக்கக் குடித்தவர்கள் ஏராளம். 1970இல் நியூயார்க்கில் யுத்தத்தை எதிர்த்த பழைய சிப்பாய்கள் கூடிப் பேசத் தொடங்கியபோது, ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற மனநல வைத்தியர்கள் அவர்களோடு உட்கார்ந்து கேட்டார்கள். 1979இல், அந்த யுத்தத்தில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்த மாக்ஸ் கிளீலண்ட் படைவீரர் நலத்துறைக்குத் தலைவராயிருந்த காலத்தில், கடைவீதிகளிலே சிறு ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. அங்கே ஆலோசகராய் அமர்ந்தவர்களிலும் பலர் வியட்நாம் சென்று வந்தவர்கள். மறு ஆண்டு யுத்த அதிர்ச்சியின் பின்விளைவு மனநோய் நூலில் ஒரு பெயரைப் பெற்றது. குடியை முதலில் விட்டுவா, போர்க்களத்தைப் பிறகு பேசலாம் என்று திருப்பியனுப்பும் வழக்கமும் மெல்ல மெல்லத் தளர்ந்து, இரண்டையும் சேர்த்தே கவனிக்கும் முறைகள் எழுந்தன. அப்போதுதான் சொந்த அனுபவம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது திண்ணமாயிற்று.

அந்தப் பயிற்சிக்கு ஒரு வடிவம் பிறந்தது நார்வேயில். பெர்கன் நகரையடுத்த மருத்துவமனையொன்றில் இளம் உளவியலாளர்கள் நோயாளியாக நடித்துக் காட்டிக் கேள்விமேல் கேள்வி கேட்க, அமெரிக்க அறிஞர் வில்லியம் மில்லர் தாம் செய்துவந்ததைத் தாமே சொல்லிப் பார்த்து, கண்டிக்காமலும் வாதாடாமலும் நோயாளியின் வாயிலிருந்தே மாற்றத்துக்கான சொல்லை வரவழைக்கும் முறையை 1983இல் எழுதி வெளியிட்டார். அதைக் கற்பிப்பது எப்படியென்று அவர் குழுவினர் 140 ஆலோசகர்களைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2004இல் வெளியாயிற்று. பயிலரங்கிலே உட்கார்ந்து கேட்டதோடு நின்றவர்களைவிட, தம் உரையாடலின் ஒலிப்பதிவைப் பிறர் கேட்டு மதிப்பிடப் பெற்றவர்களும், தொலைபேசியில் வழிகாட்டப் பெற்றவர்களும் அதிகத் திறம் பெற்றார்கள். தமக்கு நன்றாக வருகிறதென்று ஆலோசகர் எண்ணிக்கொண்டதற்கும் உள்ளபடி அவர் பேசியதற்கும் சம்பந்தமே காணப்படவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

தொலைபேசியில் வழிகாட்டியே திறம் வளர்க்க முடிந்ததென்றால், இணையத்தின் வழியே ஆலோசகரைப் பயிற்றுவிப்பது கூடாதென்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் பழைய படைவீரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நகரத்துக்கு எட்டாத நாட்டுப்புறத்தில் வாழ்கையில், அவர் அருகே இருக்கும் ஆலோசகருக்குக் கல்வி எட்ட வேறு மார்க்கமும் அரிது. பிரசங்கங்களைத் திரையில் ஓடவிட்டு நற்சாட்சிப் பத்திரம் வழங்குவதோடு முடியும் பயிற்சியை மட்டும் என் மனம் ஒப்பவில்லை. நாட்டுப்புறத்து ஆலோசகர் ஒருவர், ஈராக்கிலிருந்து திரும்பிய இளைஞனோடு தாம் பேசியதை அவன் சம்மதத்துடன் பதிவுசெய்து அனுப்ப, நூறு காத தூரத்திலிருக்கும் அனுபவசாலி ஒருவர் அதை முழுவதும் கேட்டுவிட்டு, அவன் மௌனமாயிருந்த அந்த இடத்தில் நீங்கள் ஏன் அவசரப்பட்டுப் பேசினீர்கள் என்று திரைக்கு அப்பாலிருந்து வினவ வேண்டும்.