திருமயத்து விலையோலை

திருமயத்தில் இன்று ஒரு வீட்டை விலைக்கு வாங்க முற்படுகிறவர், மூலப் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, வில்லங்கச் சான்று பெற்று, முத்திரைத்தாளில் கிரயப் பத்திரம் எழுதுவித்து, சார்பதிவாளர் முன்னிலையில் விரல்ரேகை பதித்து, பின்னர்ப் பட்டா மாறுதலுக்கு மனுச் செய்து ஓய்கிறபோது, இவை யாவும் ஆங்கிலேயர் ஆட்சி நமக்கு விட்டுச் சென்ற சடங்குகள் என்றே எண்ணுகிறார். பதிவுச் சட்டத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையன்று. 1864-இல் பிறந்து, பன்முறை திருத்தம் பெற்று, 1908-இல் இன்றைய உருவை எய்திய சட்டம் அது. ஆயினும் பத்திர எழுத்தர் வாசிக்கிற வாசகத்தின் வமிசம், அச்சட்டத்தினும், 1687-இல் சேதுபதி மன்னர் இவ்வூரில் எழுப்பிய கோட்டையினும் மிக மூத்தது.

சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் விலையாவணங்களைப் படித்தவர்க்கு இது விளங்கும். கீழ்பாற்கெல்லை தொடங்கி நான்கு எல்லைகளையும் முறையே சொல்லி, மேல் நோக்கிய மரத்தையும் கீழ் நோக்கிய கிணற்றையும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடம் வரை எஞ்சாமல் சேர்த்து, பேசிய பொருள் முழுவதும் கைக்கொண்டதை ஒப்புக்கொண்டு, பொருள் பெற்றதற்கும் இவ்வோலையே சான்று, இதுவன்றி வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்று முடிப்பார்கள். உடும்பு ஓடுவது வறண்ட மேடு, ஆமை தவழ்வது நீர் தேங்கும் பள்ளம். ஒரு நிலத்தின் மேடு பள்ளம் அனைத்தையும் இரண்டு பிராணிகளின் நடையால் அளந்து காட்டிய அந்தச் சொல்லாட்சியை வியக்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

விற்பனை பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்பதில் முன்னோர் மிகுந்த கண்டிப்பு உடையவர்கள். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாக்ஷரம் என்னும் உரை, தன் கிராமத்தார், ஞாதிகள், அண்டை நிலத்தார், தாயாதிகள் ஆகியோர் சம்மதம், பொன்னும் நீரும் கொடுத்தல் என்னும் ஆறினாலும் பூமி கைமாறும் என்று பேசுகிறது. கிராமத்தாரைக் கேட்பது விற்பனை பகிரங்கமாவதற்கு, அண்டை நிலத்தாரைக் கேட்பது பின்னால் எல்லைத் தகராறு எழாமைக்கு என உரையாசிரியர் விளக்குவது, இன்றைய நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள எத்தனையோ வழக்குகளை நினைவூட்டுகிறது.

எல்லையின் அருமையைத் திருமயம் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரே குன்றில் குடைந்த சத்தியகிரீசுவரர் கோயிலுக்கும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலுக்கும் இடையே சொத்தின் பொருட்டு மூண்டு நெடுநாள் நீடித்த வழக்கை, 1245-இல் ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் பெருஞ்சபை கூடி விசாரித்து, வருவாயைப் பங்கிட்டு, நடுவே மதிலெழுப்பித் தீர்த்து வைத்த செய்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது.

புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்தியாவுடன் இணையும் வரை இப்பகுதி தொண்டைமான்கள் ஆட்சியில் இருந்தது. அக்காலப் பத்திரங்களில், புத்திர பௌத்திர பாரம்பரியமாகத் தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவிக்கும் உரிமையும், நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் முதலிய அஷ்டபோகங்களும் நிறைந்து கிடக்கும். எழுதத் தெரியாதவர் தம் பெயருக்கு ஈடாக இட்ட அடையாளமே ‘தற்குறி’. அச்சொல் பின்னர் வசையாகிப் போனது வருந்தத்தக்கது.

திருமயம் வட்டாரத்து நகரத்தார் ஊர்களான இராயவரத்திலும் கடியாபட்டியிலும் வீடு வாங்குவது இன்னும் கடினமான காரியம். வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றிய ஒவ்வோர் அறையும் மணமான ஒவ்வொரு மகனுக்கு ஒதுக்கப்பட்டது. தலைமுறைதோறும் பங்குகள் பெருகி, வாரிசுகள் கடல் கடந்தும் குடியேறிய பின், ஒரு வீட்டை முழுமையாக வாங்க அத்தனை பேருடைய கையொப்பமும் வேண்டும். தாயாதிகள் சம்மதம் என்னும் பழைய விதி அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது.

வீட்டை விற்றபின் பழைய ஓலைகளையும் பத்திரங்களையும் குப்பையென்று எரித்துவிடுகிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. அவற்றில்தான் தெருக்களின் பழம்பெயர்களும், அக்காலத்து விலைகளும், அண்டை வீட்டார் இன்னார் என்பதும் அடங்கியுள்ளன. திருமயத்து அன்பர்கள் தங்கள் பெட்டகங்களிலுள்ள அத்தகைய ஏடுகளை அழித்துவிடாமல், 1910-இல் தோன்றிய புதுக்கோட்டை அருங்காட்சியகத்தாரிடமோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரிடமோ காட்டிப் படியெடுத்து வைக்க உதவ வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.