மேலறை நடுக்கம்: நாடியிலிருந்து ரத்த உறைவு வரை

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட தாறுமாறான மின்துடிப்புகளால் நடுங்குவதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அவற்றுள் சில மட்டும் ஒழுங்கின்றிக் கீழறைகளுக்கு இறங்குவதால் நாடியும் தடுமாறுகிறது. இந்நோயின் வரலாற்றில் மருந்து முதலில் வந்தது, விளக்கம் பின்னர் வந்தது. பேராபத்து எது என்பது கடைசியாகத்தான் தெரிந்தது.

ஷ்ராப்ஷயர் மூதாட்டி ஒருவர் ரகசியமாக வைத்திருந்த குடும்ப மருந்தைப் பற்றி 1775இல் வில்லியம் விதரிங்கிடம் கருத்துக் கேட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகளில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்று அவர் கணித்தார். 1785இல் நூலாகவும் எழுதினார். அவர் மருந்து கொடுத்தது உடலில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு. அதே செடியினத்திலிருந்து வரும் டிஜாக்சின், மேலறைத் துடிப்புகள் கீழே இறங்குவதை மட்டுப்படுத்துகிறது என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது.

விளக்கத்தின் முதல் நூலிழை, பர்ன்லி என்ற ஆங்கிலேய நெசவாலை நகரின் பொது மருத்துவரான ஜேம்ஸ் மெக்கன்சியிடம் கிடைத்தது. மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் அசைவையும் ஒரே தாளில் வரையும் கருவியை அவர் கையாண்டார். மிட்ரல் வால்வு சுருங்கிய நோயாளி ஒருவரை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தபோது, நாடி தாறுமாறான கட்டத்தில் மேலறைக்குரிய அலை மட்டும் தாளில் காணாமல் போயிருந்தது. மேலறை செயலிழந்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். பார்த்தது சரி, முடிவுதான் பிழை. இதய மின்வரைவின் முன்னோடியான ஐந்தோவன் 1906இல் வெளியிட்ட மின்வரைபடங்களிலும் இந்த ஒழுங்கீனம் பதிவாகியிருந்தது. அது மேலறையின் நடுக்கமே என்று 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கர், வின்டர்பெர்க் இருவரும் தனித்தனியே நிறுவினர்.

மூன்றாண்டுகள் கழித்து, நாடி தடுமாறிய ஒரு டச்சு வணிகர் வென்கெபாக் என்ற மருத்துவரிடம் வந்தார். மருத்துவர் கைவிரித்ததும், மறுநாள் காலை சீரான நாடியோடு வருவதாகச் சொல்லிப் போனார், சொன்னபடியே வந்தார். மலேரியா மண்டிய நாடுகளில் பழகிய கொய்னா மருந்தை ஒரு கிராம் விழுங்கியிருந்தார்! இந்தத் துப்பைப் பின்தொடர்ந்து, 1918இல் ஃப்ரை, கொய்னாவின் உறவு மருந்தான குவினிடினைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்.

இவ்வளவு காலமும் கவனமெல்லாம் தாளத்தின் மீதே இருந்தது. பேராபத்தோ வேறு: நடுங்கும் இடது மேலறையின் ஓரப் பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளை நாளத்தை அடைத்தால் பக்கவாதம். வால்வு நோய் இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து ஐந்து மடங்கு என்று 1978இல் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது. எலி மருந்தாக அறிமுகமான வார்ஃபாரின் அதை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. என் கணிப்பில், இந்நோயின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுவே.

தாளம் பற்றிய விவாதம் ஓயவில்லை. 1998இல் போர்டோவில் ஹைசகேர் குழு, நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்பும் துடிப்புகளே பலருக்கு நடுக்கத்தைத் தூண்டுவதைக் கண்டது. அந்தச் சிரைவாயில்களைச் சுற்றிச் சுட்டு, துடிப்புகளின் வழியை அடைக்கும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. 2002இன் அஃபர்ம் ஆய்வு, மருந்தால் தாளத்தைத் திருத்துவதால் ஆயுள் கூடுவதில்லை என்றது. 2020இன் ஈஸ்ட் ஆய்வோ, நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் திருத்தினால் பலனுண்டு என்றது.

ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் கணிக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைப்படாத புதிய உறைவுத்தடுப்பு மாத்திரைகள் 2009க்குப் பின் பரவின. ஆனால் இந்தியாவும் இடம்பெற்ற 2022இன் இன்விக்டஸ் ஆய்வில், ருமாட்டிக் இதய நோயாளிகளிடம் வார்ஃபாரின் வகை மருந்துகளே புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிட உயிரிழப்பைக் குறைத்தன. அந்நோயால் மிட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர், மருந்தின் வேலையைப் பாதிக்கும் கீரையின் அளவைக் கவனித்து, ஐ.என்.ஆரை 2க்கும் 3க்கும் இடையே வைத்துக்கொண்டு, பழைய மாத்திரையையே தொடர வேண்டியிருக்கிறது.