தொங்கிருக்கை: தென்சென்னைப் புறநகரில் உயரப் பணி

தொங்கிருக்கை என்பது உயரமான சுவரிலோ கோபுரத்திலோ வேலை செய்பவர், கயிற்றில் தொங்கியபடி உட்கார்ந்து பணியாற்ற உதவும் இருக்கையாகும். எளிய வடிவில் அது ஒரு சிறு பலகையும், அதன் இரு முனைகளிலிருந்து மேலே சென்று ஒன்றுசேரும் கயிறுகளும் மட்டுமே. தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி ஆகிய பகுதிகளில் அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களும் கண்ணாடிச் சுவர்களைத் துடைப்பவர்களும் இதில் இறங்குவதைக் காணலாம்.

கப்பலிலிருந்து சுவருக்கு

ஆங்கிலத்தில் இதற்குப் 'போசன்ஸ் சேர்' என்று பெயர். போசன் என்பவர் கப்பலின் பாய், கயிறு, நங்கூரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மாலுமி. இந்திய மாலுமிகளிடையே அவருக்கு நிகரானவர் சாரங்கு. அடுத்த நிலையில் இருந்தவர் தண்டல். பாய்மரத்தைப் பழுதுபார்க்க மாலுமி ஒருவரைப் பலகையில் உட்காரவைத்து மேலே இழுத்தனர். பிறகு அதே பலகை ஆலைப் புகைபோக்கிகளுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் வந்தது. கப்பலில் ஆளை மேலே ஏற்றினார்கள். கட்டடத்தில் மொட்டைமாடியிலிருந்து கீழே இறக்குகிறார்கள்.

தென்சென்னைப் புறநகருக்கு உயர வேலை புதியதன்று. பனையூர் என்ற ஊர்ப்பெயரே போதும். பனையேறி காலில் தளைநார் மாட்டி மரத்தைத் தழுவி ஏறினார். பிடி நழுவினால் தாங்க ஒன்றுமில்லை. 1931-இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின், தண்டவாளத்துக்கு மேலே செல்லும் மின்கம்பியைப் பராமரிக்கும் வேலையும் சேர்ந்தது. வீடுகளோ வெகுகாலம் இரண்டு மூன்று மாடிகளைத் தாண்டவில்லை. சவுக்குக் கம்புச் சாரம் அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டதை அடுத்து, பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் உயர்ந்தன. இருபது மாடிக்குச் சாரம் கட்டப் பணமும் நாளும் மிகுதியாகத் தேவை. கயிற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. தொங்கிருக்கை பரவியதற்குச் சிக்கனமே முதற்காரணம், பாதுகாப்பு அன்று.

இரண்டாவது கயிறு

பலகை வேலை செய்வதற்கான வசதி மட்டுமே. பலகையைத் தாங்கும் கயிறு கைப்பிடிச் சுவரின் விளிம்பில் உராய்ந்து அறுந்தால் பலகையும் ஆளும் சேர்ந்தே விழுவார்கள். ஆகவே, வேறோர் இடத்தில் தனியாகக் கட்டிய இரண்டாவது கயிறு ஒன்று வேண்டும். இதனை உயிர்க்கயிறு எனலாம். வேலையிடத்தில் 'லைஃப்லைன்' என்கிறார்கள். தொழிலாளி அணிந்துள்ள ஹார்னஸ், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கருவி ஒன்றின் வழியாக இதில் இணைகிறது. இரண்டு கயிறுகளையும் ஒரே தண்ணீர்க்குழாயில் கட்டினால் இரண்டாவது கயிறு இருந்தும் இல்லாததே.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் ஏன் போதாது என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லும். 2 மீட்டர் விழுபவரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அவரை 20 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரியாக உடல் எடையைப் போல் 11 மடங்கு விசை இடுப்பில் இறங்கும். அதிர்வைத் தாங்கும் பட்டை பிரிந்து 1 மீட்டரில் நிறுத்தினால் அது 3 மடங்காகக் குறையும். முழுவுடல் ஹார்னஸ் அந்த விசையையும் தொடை, தோள், மார்பு எனப் பகிர்ந்துவிடுகிறது. விழுபவரைத் தாங்க இடுப்புப் பெல்ட்டைப் பயன்படுத்துவதை அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. இந்தியாவின் ஐ.எஸ். 3521 தரநிலை, 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில், பெல்ட்டையும் ஹார்னஸையும் ஒன்றாகவே வைத்திருந்தது.

ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். பட்டை தொடையை அழுத்துவதைப் பலகை குறைக்கும். ஆனாலும் அவரைச் சில நிமிடங்களில் இறக்கத் தெரிந்த ஒருவர் மாடியில் இருந்தாக வேண்டும்.

சட்டம்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 32-ஆம் பிரிவில், உயரத்திலிருந்து விழக்கூடியவருக்குப் பாதுகாப்பு தரச் சொன்னது. ஆனால் அது ஆலைகளுக்கானதாக இருந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் நெடிய போராட்டத்துக்கிடையே தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் வந்தன. வாரியம் விபத்துக்குப் பின் குடும்பத்துக்குப் பணம் தரும். அதுவும் பெரிய உதவியே. பணியிடப் பாதுகாப்புக்கான நாடு தழுவிய கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-இல் வந்தது. பழுதுபார்ப்பும் பராமரிப்பும் அதில் அடங்கின, ஆனால் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தால்தான் அது பொருந்தியது. அதன் பாதுகாப்பு விதிகளுக்கு மாற்றாக வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 10 பேர் வரம்பு தொடர்கிறது. பெருங்களத்தூரில் ஓர் அடுக்குமாடிக்கு வெள்ளையடிக்க ஒரு மேஸ்திரி நான்கு பேரை மட்டும் வைத்து வேலை எடுத்தால், அந்த வேலை இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. உயிர்க்கயிற்றின் விலையை யார் ஏற்பது என்பது அங்கே கூலி பேசும்போது முடிவாகும் விஷயம்.