திரும்பி வந்த எஞ்சின்கள்

மலைப் புகையிரதங்களை ஒப்பிடுபவர்கள் எந்த யன்னலால் எந்தச் சிகரம் தெரியும் என்றுதான் எழுதுகிறார்கள். சுவிஸின் ஃபுர்க்காப் பாதையையும் நீலகிரிப் பாதையையும் நாம் வேறுவிதமாக ஒப்பிடலாம்.

இரண்டு பாதைகளின் எஞ்சின்களுக்கும் தாய்வீடு வின்ரர்தூர் தொழிற்சாலை. ஏறும் முறையும் ஒன்றே. சுவிஸ் பொறியியலாளர் ரோமன் அப்ட் கண்டுபிடித்த வழி அது: தண்டவாளங்களுக்கு நடுவே பல்வைத்த இரும்புச் சட்டங்கள், எஞ்சினின் பற்சில்லு அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும்.

ஃபுர்க்காவுக்கு 1940களின் தொடக்கத்தில் மின்சாரம் வந்தது. வேலையற்றுப்போன நான்கு எஞ்சின்களை 1947இல், பிரெஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த வியட்நாமுக்கு விற்றார்கள். அங்கே தாப் சாமிலிருந்து டாலாட் மலைக்கு ஏறும் 84 கிலோமீற்றர் பாதையில் அவை ஓடின. போர் அந்தப் பாதையை நிறுத்தியது. 1975க்குப் பின், சிதைந்த வடக்கு–தெற்குப் பாதையைச் செப்பனிட அதன் தண்டவாளங்களைக் கழற்றினார்கள். எஞ்சின்கள் துருப்பிடித்துக் கிடந்தன.

இங்கே 1982இல் மலைக்கு அடியால் சுரங்கம் திறந்ததும் ஃபுர்க்கா உச்சிப்பாதை கைவிடப்பட்டது. அதைக் காப்பாற்ற எழுந்த ஆர்வலர்கள் 1990இல் வியட்நாம்வரை போய், அந்த எஞ்சின்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு முந்திவந்த தமிழர் பலர் தங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் காத்திருந்த காலம் அது. எஞ்சின்களிடம், ஏன் வந்தாய் என்று எவரும் விசாரணை வைக்கவில்லை.

1992இல் முதல் துண்டுப் பாதை திறந்தது. 2010இல் ஓபர்வால்டை எட்டியது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். ஓட்டம் கோடையில் மட்டுந்தான். பனிச்சரிவு அடித்துப்போகாமல், 1925இல் செய்த ஸ்டெஃபன்பாக் பாலத்தை ஒவ்வோர் இலையுதிர்காலமும் மடித்துவைத்து, பனி போனபின் விரிக்கிறார்கள். பார்க்கவேண்டிய வேலை அது.

நீலகிரியில் கதை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ஓடத்தொடங்கிய பாதையில், பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். எஞ்சின் கீழே நின்று பெட்டிகளைத் தள்ளும். பெட்டிக்கொரு பிரேக்காளர் முன்மேடையில் நின்று கொடி காட்டுவார். வியட்நாம்வரை போய் மீட்டுவர அங்கே எதுவும் தொலையவில்லை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பின்னர் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையே புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டிக்கொடுத்தது.

ஃபுர்க்காவில் தொண்டரின் பெயர் மலரில் வருகிறது. நீலகிரிப் பிரேக்காளர் சம்பளத்துக்கு நிற்பவர். பயணிகளின் படங்களில் அவருடைய முதுகு மட்டும் விழுகிறது.